முயலுக்குக் கேரட் கேட்டு வருபவர்களுக்கு…



அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் நாட்களில், "அண்ணே, கேரட் தோல், முட்டைக்கோஸ் இலை இருந்தா எடுத்து வைங்க, வீட்ல முயல் இருக்கு" என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். வீவக வீட்டுக்கு நாயைவிட முயல் சுலபம் என்று பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். எடுத்து வைப்பதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பையில் இருப்பது முயலுக்குச் சாப்பாடு இல்லை, தொட்டுக்கொள்ள மட்டும்தான்.

முயல் புல் தின்னும் பிராணி. அது சாப்பிடுவதில் 80 விழுக்காட்டுக்கு மேல் புல்லோ ஹேயோ இருக்க வேண்டும். ஹே என்றதும் நம்மவர்கள் வைக்கோல் என்று நினைத்துவிடுகிறார்கள். வைக்கோல் கதிர் அடித்தபின் மிஞ்சும் தாள், அதில் சத்து குறைவு. ஹே என்பது புல்லையே அறுத்துக் காயவைத்தது. கடையில் திமோத்தி ஹே என்று கேளுங்கள். அல்ஃபால்ஃபா ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குத்தான். வளர்ந்த முயலுக்கு அதில் கால்சியம் அதிகம். முயலுக்குப் பல் ஆயுசு முழுக்க வளரும். புல்லை மென்றால்தான் தேயும், குடலும் ஓடும். அதனால் கூண்டில் ஹே எந்நேரமும் இருக்கட்டும். பெல்லட் 2 கிலோ முயலுக்கு நாளைக்கு இரண்டு, மூன்று மேசைக்கரண்டி போதும்.

இங்கே வரும் ஒரு அக்காவின் மகனுக்கு ஒன்பது வயது. கேரட், வாழைப்பழம், கடையில் சொன்னார்கள் என்று சோளமும் விதையும் கலந்த கலர் தீவனம், இதுதான் அவன் முயலுக்குப் போட்டது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு அது சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்துவிட்டது. காலையில் சரியாயிடும் என்று வீட்டில் விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. "அதுக்குப் பிடிச்சதைத்தானே தினமும் கொடுத்தேன்?" என்று பையன் கேட்டான். பதில் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை.

முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. குடல் நின்றால் உயிருக்கே ஆபத்து. அரை நாள் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எல்லா விலங்கு மருத்துவரும் முயல் பார்ப்பதில்லை. முயல் பார்ப்பவர் யார், இரவில் திறந்திருக்கும் கிளினிக் எது என்று இன்றைக்கே விசாரித்து நம்பரைப் போனில் போட்டு வையுங்கள்.

ஆலோசனை சொல்பவர்களுக்குக் குறைவில்லை. நாங்கள் பார்ப்பது ஒன்றைத்தான்: முயலின் வயது, எடை கேட்காமல், ஹே பற்றிப் பேசாமல் தீவனப் பாக்கெட்டைக் கையில் எடுப்பவர் வியாபாரம் பேசுகிறார். முயல்களுக்கென்றே தொண்டூழியர்கள் நடத்தும் ஹவுஸ் ரேபிட் சொசைட்டி சிங்கப்பூரிலேயே இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநலப் பிரிவும் வழிகாட்டுகிறது. அவர்களைக் கேளுங்கள்.

பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல் முயலுக்கும் நல்லதுதான். ஆனால் சாத்திய மாலையைக் கொண்டுபோக வேண்டாம், அதில் நூல், குங்குமம், எண்ணெய் எல்லாம் இருக்கும். தேக்காவில் புதிதாக வாங்கி நன்றாக அலசிக் கொடுங்கள். சுண்டல், பொங்கல், வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. கேரட், பழம் ஆசைக்கு ஒரு சின்னத் துண்டு.

இனிமேல் கொத்தமல்லி, புதினா மிஞ்சினால் உங்களுக்காகத் தனியாகக் கட்டி வைக்கிறோம். சமையல்கட்டுப் பக்கம் வந்து, முயல் எத்தனை கிலோ என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.