அம்பு சென்று முடிந்த இடம்

பயணம் என்பது வண்டி புறப்படும் நொடியில் தொடங்குவதன்று. செல்ல வேண்டும் என்னும் எண்ணம் உள்ளத்தில் முளைவிடும்போதே அது தொடங்கிவிடுகிறது. சில வேளைகளில், கால்கள் நடக்கும் தொலைவைக் காட்டிலும் உள்ளம் நடக்கும் தொலைவே பெரிதாக அமைந்துவிடுவதும் உண்டு.

மெக்சிகோ நகரின் வடபகுதியிலுள்ள ஒரு வீட்டின் உணவு மேசைமேல் நிலப்படம் ஒன்று விரிந்து கிடந்தது. அதன் இருபுறமும் முதியவர் இருவர் அமர்ந்திருந்தனர். கணவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். முப்பதாண்டுகளுக்கு மேலாகப் புவியியல் கற்பித்தவர். மனைவியோ இடால்கோ மாநிலத்தின் மெஸ்கித்தல் பள்ளத்தாக்கில் ஒதோமி குடும்பத்தில் பிறந்து, சிறுமியாக இருந்தபோதே நகரத்துக்கு வந்துவிட்டவர். சில ஆண்டுகளாக அந்த அம்மையாருக்கு முழங்கால் வலி. வெதுவெதுப்பான நீரில் கால்களை வைத்திருப்பது இதம் தரும் என்று மருத்துவர் கூறியதுதான் தாமதம், ஆசிரியர் நிலப்படத்தை எடுத்துவிட்டார். அவர் விரல் சென்று நின்ற இடம், தொலாந்தொங்கோ.

மெக்சிகோ நகரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், செங்குத்தான மலைச்சுவர்களுக்கு இடையே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளம் அது. மலையின் வயிற்றிலுள்ள குகையிலிருந்தே ஓர் ஆறு வெந்நீராக வெளிப்படுகிறது. குகையின் கூரையிலிருந்தும் வெந்நீர் அருவிபோல் கொட்டுகிறது. அதன் மேலே, நீராவி நிறைந்த குறுகிய சுரங்க வழி ஒன்றும் உண்டு. பழைய நவாத்து மொழியில் வெம்மையான இடம் என்னும் பொருள்படத் தொனால்தொங்கோ என வழங்கிய பெயர், ஓர் இதழின் அச்சுப் பிழையால் தொலாந்தொங்கோ ஆயிற்று என்று கூறுவர். பிழை திருத்தியே வாழ்நாளைக் கழித்த ஆசிரியர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடலாம்!

நீர் ஏன் சுடுகிறது? மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் பொதுவாக 25 முதல் 30 பாகை வரை உயரும். அவ்வாறு சூடேறிய நீர், பாறையின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மீண்டும் மேலே வருகிறது. நீரில் மிதக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் ஆறு பால் கலந்த நீல நிறமாகத் தோன்றுகிறது. அதன் வெப்பம் 38 பாகை அளவில் இருக்கும். மனித உடலின் வெப்பத்துக்குச் சற்றே மேல்.

ஆயினும் பூமியின் வெம்மை எல்லா இடத்திலும் தாயின் மடியாக இருப்பதில்லை. அதே நாட்டின் வடக்கே, சிவாவா மாநிலத்து நைக்கா சுரங்கத்தில் 2000ஆம் ஆண்டு ஒரு குகை கண்டுபிடிக்கப்பட்டது. பத்து மீட்டருக்கும் மேல் நீண்ட பளிங்குத் தூண்கள் அதனுள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அங்கே அப்போது வெப்பம் 58 பாகை, காற்றெல்லாம் ஈரமாக இருந்தது. தக்க காப்பு உடையின்றிப் புகுந்தவர் சில நிமிடங்களுக்கு மேல் தாங்க இயலாதிருந்தது. ஓர் ஊற்றுக்கும் ஒரு கொலைக்களத்துக்கும் இடையே இருப்பது இருபது பாகைதான்! ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று முன்னோர் சொன்னது குளிர்ந்த நீருக்கு மட்டுமன்று.

இதனை உணர்ந்தவராதலால் ஆசிரியர் குறிப்பேட்டில் ஒவ்வொன்றாக எழுதினார். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். ஆறு கலங்கிச் செந்நிறமாகிவிடும். ஆகவே அது வேண்டா. ஈஸ்டர் வாரத்தில் கூட்டம் அலைமோதும், அதுவும் வேண்டா. மழை ஓய்ந்த நவம்பர் மாதத்தில், வார இறுதி அல்லாத நாள். நகரின் வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து இக்ஸ்மிகில்பான் ஊர். அங்கிருந்து வளைந்து வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும் மலைப்பாதை. கையில் ரொக்கம். வழுக்காத காலணி. மலைச்சரிவில் கட்டப்பட்ட தொட்டிகளுக்குப் படிகள் மிகுதி. ஆகவே ஆற்றங்கரையே போதும். சுரங்க வழியை எதிர்நின்று பார்ப்பதோடு சரி. இரத்த அழுத்தம் உள்ளவருக்கு அந்த நீராவி ஆகாது.

நுழைவுக் கட்டணம் யாருக்குச் செல்கிறது என்பதையும் அவர் மனைவிக்கு எடுத்துரைத்தார். அவ்விடம் ஒரு செல்வரின் உடைமையன்று. 1910இல் வெடித்த மெக்சிகோ புரட்சியும், 1917ஆம் ஆண்டின் அரசியல் சட்டமும் உழவர்க்கு நிலம் கிடைக்க வழி வகுத்தன. ஊரார் கூட்டாக நிலம் பெற்றுப் பயன்படுத்தும் அம்முறைக்கு எஹீதோ என்று பெயர். அப்படிப்பட்ட உழவர் கூட்டுறவே தொலாந்தொங்கோவை நடத்தி வருகிறது.

இத்தனையும் கேட்ட பின்னரும் அம்மையார் முகத்தில் மலர்ச்சி இல்லை.

"அந்தப் பள்ளத்தாக்குக்கு மட்டும் வேண்டாமே!" என்றார்.

ஆசிரியர் திகைத்தார். முழங்கால் வலிக்கு மருந்து தேடினால், வேறோர் இடத்தில் அல்லவா வலி இருக்கிறது!

அம்மையார் மெல்லச் சொன்னார். "எங்கள் ஊர் வாய்க்கால் இப்போதும் கனவில் வருகிறது. கறுத்த நீர், மேலே வெண்ணுரை. கற்றாழை நார் நூற்ற கையோடு அம்மா அந்த நீரைத்தான் மக்காச்சோளத்துக்குத் திருப்பிவிடுவாள். நகரத்துக்கு வந்து பள்ளியில் சேர்ந்தபோது, என்னிடம் நாற்றம் அடிக்கிறது என்று பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். அது அவர்கள் வீட்டு நீர் என்பது அவர்களுக்கும் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது."

ஆசிரியர் வாய் திறக்கவில்லை. மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில், ஏரிகள் இருந்த படுகையில் அமைந்தது. வெள்ளத்தையும் கழிவையும் வெளியேற்றப் பெருங்கால்வாய் வெட்டப்பட்டு 1900இல் திறக்கப்பட்டது. கரும்பலகையில் அக்கால்வாயை எத்தனை முறை வரைந்திருப்பார்! நகரத்திலிருந்து வடக்கு நோக்கி ஓர் அம்புக்குறி. அத்துடன் பாடம் முடிந்துவிடும். அம்பு எங்கே சென்று முடிகிறது என்று எந்த மாணவனும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அது சென்று முடிந்த இடம் மெஸ்கித்தல் பள்ளத்தாக்கு. நூறாண்டுக்கு மேலாகத் தலைநகரத்தின் கழிவுநீர் அந்த வறண்ட மண்ணில் பாய்ந்தது. பயிரையும் வளர்த்தது, நோயையும் வளர்த்தது. இந்த நூற்றாண்டில்தான் அதோதோனில்கோவில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது.

அழுக்கைப் பெற்றுக்கொண்டு, குளிக்க நீல ஊற்றைத் தரும் நிலம்! அந்த நிலத்தின் மகளிடமே அதன் அழகை விளக்கிக்கொண்டிருந்ததை எண்ணி ஆசிரியர் நாணினார்.

"நிலப்படத்தில் என் பாடம் பாதியில் நின்றிருக்கிறது. மீதியைச் சொல்ல வேண்டியவர் இங்கே இருக்கிறார்" என்றார்.

நெடுநேரம் சென்றபின் அம்மையார் குறிப்பேட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "நவம்பர் என்றால், முதல் நாளில் அம்மாவின் கல்லறைக்குப் போவோம்" என்றார்.

நவம்பர் 1, 2 ஆகிய நாள்கள் அந்நாட்டில் மறைந்தோரை நினைவுகூரும் நாள்கள். கல்லறைகள் எங்கும் துலுக்கச் செவ்வந்தி மலர்கள் குவியும். நம் இல்லங்களிலும் மாலையாகும் அதே மலர்தான். அதன் தாயகமே மெக்சிகோ.

பழைய திட்டம் அடித்துத் திருத்தப்பட்டது. முதல் நாள் கல்லறை. பிறகு, ஊர் வாய்க்கால் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது. அதன் பின்னரே வெந்நீர்க் குகை. கடைசி வரியை அம்மையார் தம் கையாலேயே எழுதினார்: "கொண்டுபோகும் குப்பையை ஒரு துண்டுகூட விடாமல் திருப்பி எடுத்து வருவது."

அதைப் படித்த ஆசிரியர் எழுதுகோலை எடுத்தார். நிலப்படத்தில், நகரத்திலிருந்து வடக்கே சென்ற பழைய கோட்டை நீட்டி, அது முடியும் இடத்தில் மனைவியின் சிற்றூர்ப் பெயரைக் குறித்தார். அச்சிட்ட அந்தப் படத்தில் அவ்வூரின் பெயர் அதுவரை இருந்ததில்லை.