அடியில் சிக்கும் நூல்

புதுமண்டபத்துத் தையல்காரர்களை மதுரைக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் தூண்களுக்கிடையே மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பார்கள். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. பேச்சுக் கொடுத்தபடி அவர்கள் அருகில் நின்று நான் கற்றது ஒன்று உண்டு: அடியில் நூல் சிக்கினால் முதலில் மேலே பார்க்க வேண்டும்.

போன வருஷம் மே மாதக் கடைசியில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வந்தாள். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், தையல்தான் வருமானம். பள்ளி திறக்கும் நேரம் வேறு. யூனிஃபார்ம் துணி குவிந்து கிடந்தது.

"ஐயா, துணிக்கு அடியில நூல் கொசகொசன்னு கட்டிக்கிருது. பாபின் கேஸ் ஸ்குருவ எவ்வளவு இறுக்கியும் கேக்க மாட்டேங்குது. ஷட்டிலையே மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு" என்றாள். அதற்கான பணம் அவளிடம் இல்லை.

தையலில் இரண்டு நூல். மேல் நூல் ஊசி வழியே வருகிறது, கீழ் நூல் பாபினிலிருந்து வருகிறது. இரண்டும் துணியின் நடுவே பின்னிக்கொள்ள வேண்டும். மேல் நூல் தளர்ந்தால் கீழ் நூல் அதை அடிக்கு இழுத்துவிடும். வளையம் வளையமாகச் சிக்கும். ஆகவே அடியில் தெரியும் சிக்கல் பெரும்பாலும் மேல் நூலுடையது. மேல் நூல் அதிகம் இறுகினாலோ பாபின் நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரியும்; சுங்குடி போன்ற மெல்லிய பருத்தித் துணி சுருங்கிப்போகும்.

அவள் மிஷினில் டென்ஷன் தட்டுகள் இரண்டுக்கும் நடுவே பஞ்சும் அறுந்த நூல் துண்டும் அடைத்திருந்தன. தட்டுகள் நூலைப் பிடிக்கவே இல்லை. பிரஷர் ஃபுட்டைத் தூக்கி, மடித்த துணியை நடுவே விட்டுத் துடைத்தோம். புது ஊசி மாட்டி, ஃபுட்டைத் தூக்கியபடியே மறுபடி நூல் கோத்தோம். ஃபுட் இறங்கியிருந்தால் தட்டுகள் மூடிக்கொள்ளும். நூல் உள்ளே இறங்காது. கோத்த பிறகு ஃபுட்டை இறக்கி நூலை இழுத்துப் பாருங்கள். கை இறுக்கத்தை உணர வேண்டும்.

இறுக்கிவிட்ட பாபின் கேஸையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டால் தானாக இறங்கக் கூடாது. லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். ஸ்குருவை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். மேலே ஒரு நிறமும் கீழே வேறு நிறமுமாக நூல் போட்டுக் கழிவுத் துணியில் தைத்தால் எந்த நூல் தளர்வு என்று கண்ணாலேயே தெரிந்துவிடும்.

பள்ளி திறக்கும் முன்பே எல்லா யூனிஃபார்மையும் கொடுத்துவிட்டாள். ஷட்டில் அதே பழைய ஷட்டில்தான்.

உங்கள் வீட்டில் மூடி போட்டு மூலையில் ஒதுக்கிய மிஷின் இருந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுமுன் அந்த இரண்டு தட்டுகளின் நடுவே ஒருமுறை பாருங்கள்.