காசுப் பெட்டியும் பாட்டுக்காரனும்

வாணிகம் என்பது இருவர் ஒருவரையொருவர் முகம் பார்த்துச் செய்யும் தொழில். விற்பவன் வாங்குவோனின் கையை நோக்குகின்றான். வாங்குவோன் விற்பவனின் தராசை நோக்குகின்றான். இவ்விருவருள் விற்பவன் இல்லாமலே வாணிகம் நடத்தும் உபாயம் ஒன்று உண்டு. அதுவே காசு போட்டால் இயங்கும் யந்திரம். நம் ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் மின்ன நின்ற எடை பார்க்கும் யந்திரத்தைக் கண்டோர் பலர். காசு போட்டதும் நமது நிறையோடு வருங்காலப் பலனையும் அச்சிட்ட சிறு அட்டை ஒன்றை அது வெளியிடும். நிறையை மறந்து பலனையே பலமுறை படித்த பிள்ளைகளுள் யானும் ஒருவன். அவ்வார்வமே பின்னாளில் இவ்வகை யந்திரங்களின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டியது.

இவ்வுபாயம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியா நகரத்து ஹீரோன் என்னும் அறிஞர், கோயிலில் தீர்த்தம் வழங்கும் கருவி ஒன்றை வருணித்திருக்கின்றார். போட்ட காசு ஒரு தட்டில் விழும்; அதன் பாரத்தால் நெம்புகோல் சாய்ந்து நீர்வழி திறக்கும்; காசு நழுவி வீழ்ந்ததும் வழி மூடிக்கொள்ளும். ஆயினும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் இது பெருந்தொழிலாயிற்று. 1880-களில் லண்டனில் தபாலட்டை விற்கும் யந்திரமும், 1888-இல் நியூயார்க்கின் ரயில் நிலையங்களில் சூயிங்கம் விற்கும் யந்திரமும் தோன்றின.

அடுத்த ஆண்டே யந்திரம் பாட்டும் விற்கத் தொடங்கியது. எடிசன் 1877-இல் கண்டுபிடித்த பேசும் யந்திரம், அலுவலகங்களில் கடிதங்களைச் சொல்லிப் பதிவு செய்வதற்கே பெரிதும் பயன்படும் என்று கருதப்பட்டிருந்தது. லூயி கிளாஸ், வில்லியம் அர்னால்டு என்னும் இருவர் அதனை வேறு வழியில் பயன்படுத்தினர். அவர்கள் 1889 நவம்பர் 23-ஆம் நாள், சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பாலே ராயல் என்னும் மதுக்கடையில் ஒரு யந்திரத்தை நிறுவினர். அதற்குச் செவிக்குழாய்கள் நான்கு. கேட்போர் ஒவ்வொருவரும் தனித்தனியே 5 சென்டு இடவேண்டும். பாட்டோ ஒன்றே. பலர் செவியில் வைத்த குழாயைத் துடைத்துக்கொள்ளத் துணியும் அருகே தொங்கியது. இவ்வளவு எளிய யந்திரம் ஆறு திங்களில் 1000 டாலருக்கு மேல் ஈட்டியது. அஃதாவது, 20,000 முறைக்கு மேல் யாரோ ஒருவர் பாட்டுக்காகக் காசு இட்டிருக்கின்றனர்.

1927-இல் மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கும் யந்திரங்கள் விற்பனைக்கு வந்தபின், ஒருவர் இட்ட காசுக்குக் கூடம் முழுதும் பாட்டுக் கேட்டது. 1933-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு நீங்கி மதுக்கடைகள் மீண்டும் திறக்கவே, இவ்வியந்திரங்கள் எங்கும் பரவின. தொழில் நடந்த விதமும் அறியத்தக்கது. யந்திரத்தை வாங்குபவர் கடைக்காரரல்லர். இதற்கென்றே முதலிட்ட வேறொருவர். அவர் அதனைக் கடையில் வைத்து, குறித்த நாளில் வந்து பெட்டியைத் திறந்து, காசை எண்ணிக் கடைக்காரரோடு பங்கிட்டுக்கொள்வார். ஓடாத தட்டுகளை நீக்கிப் புதியன வைப்பார். காசுக்குப் பதில் வெறும் உலோக வட்டுகளை இட்டு ஏமாற்றுவோரும் இருந்தனர். இரும்பு வட்டுகளைப் பிடிக்க யந்திரத்தினுள் காந்தம் அமைத்தனர்.

ஜூக் பாக்ஸ் என்னும் பெயரிலுள்ள ஜூக் என்பது, தென்கிழக்குக் கடற்கரையில் வாழ்ந்த கறுப்பின மக்களின் குல்லா மொழியினின்று வந்தது என்பர். அவர்கள் உழைத்துக் களைத்து இரவில் கூடி ஆடிய குடிசைகளுக்கு அப்பெயர் வழங்கிற்று. வானொலி நிலையங்கள் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுக்கு இடந்தரத் தயங்கிய நாளில், இப்பெட்டிகளின் வாயிலாக அப்பாட்டு ஊரூராகச் சென்றது. அந்நாட்டில் பல கடைகளின் வாயில் மனிதனின் நிறத்தைக் கேட்டது. யந்திரத்தின் வாய் காசை மட்டுமே கேட்டது. இதனைப் படித்தபோது இவ்வியந்திரத்தின்மேல் எனக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று.

ஆனால் அம்மதிப்போடு ஒரு வருத்தமும் கலந்தது. 1909-ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், தட்டு ஒன்றுக்கு 2 சென்டு பாட்டை இயற்றியவர்க்கு உரியது என்று விதித்தது. அச்சட்டமே, நுழைவுக் கட்டணம் இல்லாத இடத்தில் காசு யந்திரம் பாடுவது இலாபத்திற்காகப் பொதுவில் பாடுவதாகாது என்றும் விலக்களித்தது. எனவே ஒரு தட்டு ஆயிரம் முறை சுழன்று ஆயிரம் காசு சேர்த்தாலும், இயற்றியவர்க்கு அந்த 2 சென்டுக்கு மேல் ஒன்றுமில்லை. 1946-இல் வெளிவந்த வுர்லிட்சர் 1015 என்னும் ஒரு வகை மட்டும் 56,000-க்கு மேல் விற்ற தொழிலுக்கு இந்த விலக்கு! 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது நீங்கி, 1978 முதல் யந்திரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 8 டாலர் செலுத்தவேண்டியதாயிற்று. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்னும் பழமொழி பாட்டுக்கும் பொருந்தியது.

வாத்தியக்காரர்களின் துயரமும் இத்தகையதே. கருவி வாசிப்போர் நால்வரை அமர்த்திய இடத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. 1942 ஆகஸ்டில் அமெரிக்க வாத்தியக்காரர் சங்கம், இனி இசைத்தட்டுக்கு வாசிப்பதில்லை என்று வேலை நிறுத்தம் செய்தது. பெரிய கம்பெனிகளோடு உடன்பாடு முடிய 1944 நவம்பர் ஆயிற்று. இதனை யான் அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் படிக்கவில்லை. எங்கள் தெருவில் நாகசுர வித்துவான் ஒருவர் இருந்தார். முகூர்த்த நாட்களில் வீட்டில் தங்கியறியாதவர், பிற்காலத்தில் திண்ணையில் அமர்ந்து, அடுத்த தெருக் கல்யாண வீட்டில் ஒலிநாடாவிலிருந்து எழும் நாகசுரத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். தாளம் போடும் அவர் விரல்களை யான் பார்த்திருக்கின்றேன். "வாசிப்பு நன்று, யாரென்று தெரியவில்லையே, தம்பி" என்பார். தம் பிழைப்பைக் குறித்து அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. வாசித்தவர் பெயரையே கேட்டார்.

மாணவ நண்பர்களே! இன்று காசும் வேண்டுவதில்லை. கைப்பேசியைத் தொட்டாலே பாட்டு வருகின்றது. கள்ளக் காசைப் பிடிக்க யந்திரத்துள் காந்தம் வைத்த மனிதன், பாடியவனுக்குரிய பங்கைக் கொடுக்க அதனுள் ஒரு கருவியும் வைத்தானில்லை. அதனைச் சட்டமே செய்யவேண்டியிருந்தது. சட்டத்தை மனிதர் கேட்டுப் பெறவேண்டியிருந்தது. நாம் ஒரு பாட்டை விரும்பிக் கேட்கும்போது, அதை இயற்றியவர் யார், வாசித்தவர் யார், அவர்க்குரியது அவரை அடைந்ததா என்று ஒருமுறையேனும் கேட்டுப் பழகுவோமாக.