ஓரத்தைச் சாப்பிட்டுப் பாருங்கள்

உங்கள் ஏரியாவில் நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வீர்கள். இட்லி, பரோட்டா, சாயங்கால பஜ்ஜி எல்லாவற்றுக்கும் உங்களிடம் பதில் இருக்கும். இதில் தெருவுக்கு இரண்டு கட்சிகூட உண்டு. ஆனால் நல்ல பீட்ஸா எங்கே என்று கேட்டால்? சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுப்பீர்கள். எதில் ஆஃபர் என்று பார்ப்பீர்கள்.

நானும் அப்படி எடுத்துக்கொண்டிருந்தவன்தான்.

2022 மே மாதம் என் மகள் ப்ளஸ் டூ பரீட்சையை முடித்துவிட்டு, 'நங்கநல்லூர்ல பெஸ்ட் பீட்ஸா எதுன்னு கண்டுபிடிக்கணும்ப்பா' என்று ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றாள். காலேஜ் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன் மிச்சமிருந்த இரண்டு மாதம். சரி என்றேன். 32 அடி ஆஞ்சநேயர் இருக்கிற ஊரில், வடை மாலை வாசனைக்கு நடுவே, அப்பாவும் பெண்ணும் பீட்ஸா தேடிப் போனோம். மூன்றாவது மாடி மாமி, 'ரெண்டு பேரும் டெய்லி எங்கே கிளம்பிடறேள்?' என்று கேட்டார். சொன்னதும், 'அடப்பாவமே' என்றார்.

பெரிய கம்பெனிகளின் பீட்ஸா நம் நாட்டுக்குள் வந்தது 1996-ல். பெங்களூரில் பீட்ஸா ஹட், டெல்லியில் டோமினோஸ். அதற்கு முன்பு நமக்குத் தெரிந்ததெல்லாம் பேக்கரி பீட்ஸா. கனமான வட்ட ரொட்டி, இனிப்பு சாஸ், வெங்காயம், குடமிளகாய், மேலே துருவிய சீஸ் கொஞ்சம். இன்று அமெரிக்காவுக்கு வெளியே டோமினோஸுக்கு அதிகக் கடைகள் இருப்பது இந்தியாவில்தான். எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி என்பது அவர்களுடைய பலம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு ரயில் விட்டு இறங்கியவனுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் பீட்ஸா பிறந்த கதை வேறு. இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகளின் தெருப் பலகாரம் அது. நாலாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுவார்கள். 1889-ல் மார்கரிட்டா ராணி அங்கே வந்தபோது ரஃபாயேலே எஸ்போசிடோ என்ற பீட்ஸாக்காரர் தக்காளி, மொஸரெல்லா, துளசி ஜாதி இலை ஒன்று வைத்து, இத்தாலியக் கொடியின் மூன்று நிறத்தில் செய்து கொடுத்தார், ராணி மயங்கிவிட்டார் என்பார்கள். வரலாற்று ஆசிரியர்கள் இதை முழுசாக நம்புவதில்லை. ராணி பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 2017-ல் நேப்பிள்ஸ்காரர்களின் பீட்ஸா தட்டும் கலையை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே விறகு அடுப்பின் சூடு 430 டிகிரிக்கு மேல். ஒரு பீட்ஸா வேக அறுபதிலிருந்து தொண்ணூறு செகண்ட். நம் ஊர் தோசைக்கல் போலத்தான். போட்டோமா, எடுத்தோமா, அங்கேயே தின்றோமா!

இரண்டு மாதத்தில் ஒன்பது கடை. நோட்டு நிறைந்தது, என் பெல்ட்டில் ஒரு ஓட்டை கூடியது. நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், இருப்பதிலேயே சாதாரணமானதை ஆர்டர் பண்ணுங்கள். அதாவது மார்கரிட்டா. புது ஓட்டலுக்குப் போனால் இட்லி சாம்பாரில்தானே சமையல்காரர் மாட்டுவார்? பனீர் தோசையில் தப்பித்துவிடுவார். பீட்ஸாவிலும் மயோனைஸ், பார்பெக்யூ சாஸ் எல்லாம் மாவின் குற்றத்தை மறைக்கும் போர்வைகள்.

அடுத்து, துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தோசைக்குப் பார்ப்பதுபோல. பொன்னிறமும் அங்கங்கே கருகிய புள்ளியும் இருந்தால் அடுப்பில் சூடு இருக்கிறது. வெள்ளையாக இருந்தால் அது வெந்த மாவு, அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். ஓரத்தைச் சாப்பிட்டுப் பாருங்கள், சாஸ் தொடாமல். மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் இவ்வளவுதான் சரக்கு. ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை விடும். பிசைந்த மாவின் பசை அந்தக் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் ஒருநாள், இரண்டுநாள் மெதுவாகப் புளித்த மாவுக்குத் தனி வாசனை வரும். ஓரத்தைப் பிய்த்தால் உள்ளே பெரிசும் சிறிசுமாக ஓட்டைகள் தெரியும். இட்லிக்கு மாவு அரைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஓரத்தை மட்டும் கடித்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கிறார்களா? திட்டாதீர்கள். அவர்கள் சரியாகத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

நாலாவது, என்ன சீஸ் என்று கேளுங்கள். பாலில் செய்த மொஸரெல்லா ஒரு விலை. தாவர எண்ணெய் கலந்து சீஸ் மாதிரி செய்த சரக்கு அதைவிட மலிவு. நிஜத்தைப் போடுகிறவர் பாக்கெட்டையே எடுத்துக் காட்டுவார். மற்றவர், 'எல்லாம் நல்ல சீஸ்தான் சார்' என்பார்.

கடைசியாக, தூரம். அட்டைப் பெட்டியில் மூடிய நிமிஷத்திலிருந்து பீட்ஸா தன் ஆவியிலேயே ஊற ஆரம்பிக்கிறது. பார்சல் ரோஸ்ட்டின் கதிதான். ஆகவே உலகத்திலேயே நல்ல பீட்ஸா உங்களுக்கு உபயோகமில்லை. நடந்து போகிற தூரத்தில் இருப்பதே உபயோகம்.

எங்கள் ஒன்பதாவது கடை அப்படிப்பட்டது. முன்னாள் ஜெராக்ஸ் கடை. பத்துக்குப் பன்னிரண்டு அடி. நாலு ஸ்டூல், ஒரு மின்சாரக் கல் அடுப்பு. நடத்திய தம்பி சுற்றுலாக் கப்பலில் கிச்சன் வேலை பார்த்தவர். 2020-ல் கொரோனாவில் கப்பல்கள் நின்றபோது ஊர் திரும்பி, இருந்த பணத்தைப் போட்டுக் கடை வைத்தார். ஐந்தே வகை. தினம் முப்பது மாவு உருண்டை, தீர்ந்தால் ஷட்டர்.

'பார்சல் வேணாம் சார், இங்கயே சாப்பிடுங்க. நாலே நிமிஷம்' என்றார்.

நாலு நிமிஷத்தில் வந்தது. என் மகள் முதலில் ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். ஒன்றும் பேசவில்லை. நோட்டை மூடி வைத்துவிட்டாள். அந்தத் தேடல் அங்கே முடிந்தது.

அதற்குப் பிறகு அவள் லீவுக்கு வரும்போதெல்லாம் பையைக் கூடத்தில் போட்டதும், 'அப்பா, தம்பி கடை?' என்பாள். போவோம். ஸ்டூலில் உட்கார்ந்து ஹாஸ்டல் கதைகள் சொல்வாள். போனில் கேட்டால் வராத கதைகள் அங்கே வரும்.

2024 மே மாதம் வந்தாள். போனோம். கடை இருந்த இடத்தில் செல்போன் கவர், சார்ஜர் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பியின் நம்பர் என்னிடம் இருந்தது. தெருவில் நின்றபடியே போன் செய்தேன். 'மார்ச்சோட மூடிட்டேன் சார். இப்ப ஈசிஆர்ல ஒரு ஓட்டல் கிச்சன்ல இருக்கேன்' என்றார். குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. நான்தான் விடாமல் கேட்டேன்.

'கணக்கு சிம்பிள் சார். ஒரு நாளைக்குப் பதினெட்டு உருண்டை போனா வாடகை, கரன்ட் எல்லாம் நிக்கும். கடைசி ஆறு மாசம் பன்னெண்டுதான் போச்சு. ஆப்ல சேர்ந்தேன், நூத்துக்கு இருபத்தஞ்சு ரூபா அவங்களுக்கே போயிடுது. விலையை ஏத்தினா ஆள் வரல. சீஸை மாத்தச் சொன்னாங்க. மனசு வரல சார். மீந்த மாவைக் கொட்டறதுதான் தாங்கல.'

போனை வைத்தேன். மகள் கேட்டாள்: 'கடைசியா நீ எப்பப்பா இங்க வந்தே?'

யோசித்தேன். 'தீபாவளிக்கு. உன்னோடதான்.'

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஆறு மாதம் நான் பீட்ஸாவே சாப்பிடாமல் இல்லை. மாமி வீட்டுப் பேரன் பிறந்தநாள், மழை நாள், கிரிக்கெட் மேட்ச், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று நாலைந்து தடவை பெட்டி வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும், 'தம்பி கடைக்கு ஒருநாள் போகணும்' என்று நினைத்திருக்கிறேன். யாராவது கேட்டால், 'எங்க ஏரியாவுல ஒரு கடை இருக்கு பாருங்க' என்று பெருமையும் அடித்திருக்கிறேன். பெருமைக்கு உருண்டை போகாது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். தம்பிக்குக் குறைந்தது நாளைக்கு ஆறு பீட்ஸா. வாரத்துக்கு நாற்பத்திரண்டு. எங்கள் அபார்ட்மென்ட்டில் இருபத்துநாலு வீடு. பக்கத்து அபார்ட்மென்ட்டில் இருபத்துநாலு. வீட்டுக்கு வாரம் ஒன்று வாங்கியிருந்தால் நாற்பத்தெட்டு. ஆறு உபரி!

இரண்டு கட்டடம். ஒரு கடையின் உயிர் அவ்வளவுதான் இருந்திருக்கிறது. நான் என் லிஃப்டில் நாலு பேரிடம் சொல்லி, நானும் வாரம் ஒருநாள் நடந்திருந்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் நான் அதைக்கூடச் செய்யவில்லை.

உங்கள் ஏரியாவிலும் ஒரு தம்பி கடை இருக்கும். பீட்ஸாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இந்த வாரம் தேடுங்கள். சாதாரணமானதை ஆர்டர் பண்ணுங்கள், அடியைப் பாருங்கள், ஓரத்தைச் சாப்பிடுங்கள். கண்டுபிடித்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த வாரமும் போங்கள்.