வெந்தயத்தை நிறுத்துப் பார்த்தவர்களுக்கு

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் வெந்தய ஆய்வு நடத்திய ஆர்.டி. சர்மா, டி.சி. ரகுராம் ஆகியோருக்கும் உடன் உழைத்த அனைவருக்கும்,



அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வைத்தியம் சொல்கிறார்கள். எல்லார் வாயிலும் முதலில் வருவது வெந்தயம்தான். "ராத்திரி ஊறப்போட்டு, காலையில வெறும் வயித்துல சாப்பிடச் சொல்லு" என்பார்கள். எவ்வளவு, எத்தனை நாள், மாத்திரையோடு சேர்த்தா, மாத்திரையை விட்டுவிட்டா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். இந்தக் கேள்விகளைப் பொறுமையாக எடுத்துக்கொண்டு விடை தேடியவர்கள் நீங்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

1990இல் வெளியான ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை நாளுக்கு 100 கிராம், மதியமும் இரவும் சரிபாதியாக உணவில் கலந்து 10 நாட்கள் கொடுத்தீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கியது. 24 மணி நேரச் சிறுநீரில் வெளியேறும் குளுக்கோஸ் 54 சதவீதம் குறைந்தது. 1996இல் சர்மாவும் வேறு சில ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகள் 60 பேருக்கு அளவை 25 கிராமாகக் குறைத்து, 24 வாரங்கள் கவனித்தார்கள். அன்றாடம் சாப்பிட்டுவர முடிகிற அளவைத் தேடிய அக்கறை அதில் தெரிகிறது.

அந்த எண்கள் எங்கள் அடுப்படிக்குப் பெரிதும் பயன்பட்டன. ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஏறக்குறைய 4 கிராம்தான். சாம்பாரில் தாளிக்கிற நாலு மணி வெந்தயம் மணத்துக்குத்தான் ஆகும், சர்க்கரையைக் குறைக்க அது காணாது என்று அம்மாவுக்கு எடுத்துச்சொல்ல முடிந்தது.

வெந்தயத்தை ஊறவைத்தால் மணிகள் உப்பி, தண்ணீர் விரலில் கொழகொழவென்று ஒட்டுகிறதே, அதுவே முக்கியமான வேலையைச் செய்கிறது. காலக்டோமன்னான் என்கிற கரையும் நார்ச்சத்து அது. வயிற்றில் கூழாகி, உணவு குடலுக்குப் போகும் வேகத்தைக் குறைக்கிறது. மாவுச்சத்து உடைந்து ரத்தத்தில் சேர்வதும் மெதுவாகிறது. சாப்பிட்டவுடன் சர்க்கரை குபீரென்று ஏறாமல் இருப்பது இதனால்தான்.

பாட்டி சொன்னது என்பதற்காக நீங்கள் ஒதுக்கித் தள்ளவில்லை, அதற்காகவே நம்பிவிடவுமில்லை. வீட்டுப் பேச்சுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன? உங்கள் நிறுவனம், 1918இல் எங்கள் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி என்னும் ஊட்டச்சத்துக் குறைபாட்டு நோய் பற்றித் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் போனது. தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தொடங்கிய ஆய்வு மரபு அது.

இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் கொஞ்சம் பேர்தான். மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்தச் சொல்ல அவை போதாது. அதனால்தான் டாக்டரிடம் சொல்லிவிட்டே அப்பாவுக்கு வெந்தயம் கொடுக்கிறோம். மருந்தோடு சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும் என்பதால் அடிக்கடி பரிசோதித்துக்கொள்கிறோம். கர்ப்பிணிகள் அதிக அளவில் சாப்பிடக் கூடாது என்பதை அக்கம்பக்கத்தாருக்கும் சொல்கிறோம்.

எங்கள் அஞ்சறைப்பெட்டியில் இன்னும் எத்தனையோ பொருட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பேரிலும் ஊரெல்லாம் வாக்குறுதிகள். உங்களுக்குப் பின் வருகிறவர்களும் அவற்றை இதே நேர்மையோடு நிறுத்துப் பார்த்து, எது எவ்வளவு உதவும் என்று எங்களுக்குச் சொல்லட்டும்.


சர்க்கரை நோயாளி ஒருவரின் மகள்