நம் பையன் எப்போது திடலில் இறங்குவான்?

ஜொகூரில் காற்பந்து பேசாத தேநீர்க் கடை என்று ஒன்று இருக்குமானால், அது பூட்டிக் கிடக்கும் கடையாகத்தான் இருக்க வேண்டும். விலைவாசி, மழை, சிங்கப்பூர் வெள்ளியின் மாற்று விலை ஆகிய மூன்றையும் பேசி முடித்துவிட்டால், நான்காவதாக வருவது ஜொகூர் டாருல் தாக்ஸிம் குழுவின் ஆட்டம். ஜே.டி.டி. என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

பெர்மாஸ் ஜெயாவும் இதற்கு விலக்கல்ல. இங்கே குடியிருக்கும் நம்மவரில் பலர் தோட்டத்தில் பிறந்தவர்கள். மாசாய், பிளெந்தோங், தெப்ராவ் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாமான்களாக மாறியபோது, லயத்து வீட்டை விட்டு வந்து தவணை வீட்டில் குடியேறியவர்கள். அவர்களோடு மற்றச் சாமான்களைப் போலவே காற்பந்துப் பைத்தியமும் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வட்டாரத்துக் கடையில் நாலைந்து பேர் கூடுவோம். பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் தம்பி ஒருவர். விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவர். ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டிவிட்டு, இப்போது மகன் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர். அவரோடு நானும்.

அன்று லாரித் தம்பிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"2014-லிருந்து 2024-2025 பருவம் வரைக்கும் சூப்பர் லீக் கிண்ணம் வரிசையா 11 தடவை நம்மகிட்டதான். 2023-ல ஒரு லீக் ஆட்டத்துலகூடத் தோக்கல. இனி யார் அண்ணே நம்மைப் பிடிக்க முடியும்?"

பெரியவர் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டார். "கிண்ணம் வரட்டும் தம்பி. சந்தோஷம். ஆனா, இறங்குற அந்தப் பதினொரு பேருல நம்ம பையன் எத்தனை பேரு?"

"நம்ம பையன்னா யாருங்க ஐயா?"

"நம்ம மாநிலத்துப் பையன். அதுலயும் நம்ம தோட்டத்துப் பையன்."

மேசையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

பெரியவர் பழைய காலத்து ஆள். 1985-இல் ஜொகூர் கோலாலம்பூரை 2-0 என்று வென்று மலேசியக் கிண்ணத்தைக் கொண்டு வந்ததை, நேற்று நடந்ததுபோல் சொல்வார். 1991-இல் லீக் பட்டத்தோடு மலேசியக் கிண்ணமும் சேர்ந்து கிடைத்தது. இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 3-1 என்று வென்றோம். அந்த நாளில் தோட்டத்திலிருந்து லாரியில் நின்றுகொண்டே லார்க்கின் அரங்குக்குப் போனதையும், திரும்பும்போது தொண்டை கட்டிப்போய் மறுநாள் பிரட்டில் பேர் கூப்பிட்டபோது குரல் வராமல் கையைத் தூக்கியதையும் சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி பழங்கதைக் கேள்வி அல்ல.

சிங்கப்பூர் வேலைக்காரத் தம்பி மறுத்துப் பேசினார். "ஐயா, திறமை இருந்தா வயசு குறுக்கே நிக்காது. ஆரிஃப் ஐமானைப் பாருங்க. 2002-ல பிறந்த பையன். 2021-ல, 19 வயசுல, லீக்கோட மிகச் சிறந்த ஆட்டக்காரர்னு விருது வாங்கினான். ஆசியக் கிண்ணத்துல தென் கொரியாவோட 3-3-ன்னு சமன் செஞ்ச ஆட்டத்துல கோல் போட்டான். பையனுக்கு இடம் கொடுக்கலைன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆரிஃப் ஐமான்கள் வரத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருவர் மேலே வரும்போது எத்தனை பேர் மாற்று ஆட்டக்காரர் இருக்கையிலேயே உட்கார்ந்து பருவத்தை முடிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? வெற்றி பெறும் குழுவுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் வென்றாக வேண்டும். அதனால் பயிற்றுநர் பழகிய காலையே நம்புவார். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வருகிறார்கள், குடியுரிமை பெற்று ஆடுபவர்கள் வருகிறார்கள். அவர்களின் ஆட்டத்தால்தான் 2015-இல் தஜிகிஸ்தான் வரை போய் 1-0 என்று வென்று ஏ.எஃப்.சி. கிண்ணத்தைக் கொண்டுவர முடிந்தது. 2022-இல் ஆசிய வெற்றியாளர் லீக்கில் கடைசி 16 குழுக்களில் ஒன்றாக இடம் பிடிக்க முடிந்தது. எந்த மலேசியக் குழுவும் அதற்கு முன் அந்த அளவுக்குப் போனதில்லை. இவற்றை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் இருபது வயதுப் பையன் ஆடிப் பழக ஆட்டம் வேண்டும். பயிற்சித் திடலில் எவ்வளவு ஓடினாலும், ஆயிரம் பேர் பார்க்க அடிக்கும் ஒரு பந்துக்கு ஈடாகாது. முன்பு ஜே.டி.டி.யின் இரண்டாவது குழு பிரிமியர் லீக்கில் பெரிய ஆட்டக்காரர்களோடு மோதிப் பழகியது. 2022-க்குப் பிறகு அந்த லீக்கே இல்லை. இளையோருக்குத் தனிப் போட்டிகள் நடக்கின்றன. ஆனால் அவற்றைப் பார்க்கப் போகிறவர் நம்மில் எத்தனை பேர்?

தோட்டத்துப் பையனின் கதை இதற்கும் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

அந்த நாளில் தோட்டம் என்றால் கோயில் இருக்கும், தமிழ்ப்பள்ளி இருக்கும், ஆயா கொட்டகை இருக்கும், திடல் இருக்கும். அந்தத் திடல் மட்டமாக இராது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் சேறு. பாதிப் பேருக்குக் காலில் ஒன்றும் இராது. மாலை நாலரைக்கு மேல் மண்டோர் மகனும், கிராணி மகனும், பால்மரம் வெட்டுபவர் மகனும் ஒரே பந்தை விரட்டுவார்கள். தீபாவளிக்கும் மேதினத்துக்கும் தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும். பெரியவர்கள் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து பார்ப்பார்கள். "அந்தச் சின்னவன் காலைப் பாரு" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், அடுத்த ஞாயிறு அந்தப் பையன் பெரிய குழுவில் நிற்பான். வேறு தேர்வு எதுவும் இல்லை. ஊர்க் கண்தான் தேர்வு.

அப்படி நம்மவர் மேலே வந்த காலம் உண்டு. கோல் காவலர் ஆர். ஆறுமுகத்தை மறக்க முடியுமா? நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவின் கோல் காவலர். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் போக முடியாமல் போயிற்று. 1988-இல் சாலை விபத்தில் மறைந்தார். அந்தக் குழுவின் கதையைத் தழுவி 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிறகு கே. ராஜகோபால். ஆட்டக்காரராக இருந்து பயிற்றுநரான அவர்தான் 2009-இல் சீ விளையாட்டுத் தங்கத்தையும், 2010-இல் இந்தோனேசியாவை மொத்தக் கணக்கில் 4-2 என்று வென்று சுசுக்கி கிண்ணத்தையும் நாட்டுக்குக் கொண்டு வந்தார். அந்த 2010 குழுவில் இருந்த எஸ். குணாளன் பின்னர் ஜே.டி.டி.யின் வலப்பக்கத்தைப் பல பருவங்கள் காத்தார். அவர் பந்தோடு ஓடும்போது எங்கள் கடையில் தேநீர்க் குவளை கீழே விழும்.

இப்போது தோட்டங்கள் தாமானாகிவிட்டன. மிஞ்சியவை செம்பனைத் தோட்டங்கள். ஆட்கள் குறைந்துவிட்டதால் திடல்களில் லாலான் முளைத்துக் கிடக்கிறது. ஊர்க் கண் கலைந்துவிட்டது. அந்த இடத்தில் வந்திருப்பது தேர்வு முறை. பள்ளிக் குழு, பிறகு மாவட்டம், பிறகு மாநிலம். நல்ல கால் இருந்தால் விளையாட்டுப் பள்ளி. நம் ஜொகூரிலேயே பண்டார் பெனாவாரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. பகாங்கின் கம்பாங்கில் மொக்தார் டஹாரி கழகம் இருக்கிறது. அதற்கு மேல் ஜே.டி.டி.யின் இளையோர் குழுக்கள். படிகள் இருக்கின்றன. முதல் படி வரைக்கும் பையனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் என்பதுதான் கேள்வி.

என் தங்கை மகளின் குடும்பம் கூலாய்க்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை குலை வெட்டுபவர். பையனுக்குப் பன்னிரண்டு வயதானபோது, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வீட்டுக்கே வந்து, "இவனைத் தேர்வு முகாமுக்கு அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். முகாம் இரண்டு நாள். இரண்டும் வேலை நாள். குலை வெட்டுபவருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம் போச்சு. காற்பந்துக் காலணி வேறு வாங்க வேண்டும்.

"மாமா, பந்து சோறு போடுமா?" என்று மாப்பிள்ளை என்னைக் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. கணக்குப் பார்த்துத்தான் கேட்டார். அதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. தங்கைதான் சொன்னாள். "சோறு போடாட்டாலும் போகட்டும். புள்ள போய்ப் பார்த்துட்டு வரட்டும். போகாம இருந்தா ஆயுசுக்கும் கேப்பான்."

காலணியை இரவுச் சந்தையில் வாங்கினோம். நானே காரில் அழைத்துப் போனேன். நூற்றுக்கும் மேற்பட்ட பையன்கள் வந்திருந்தார்கள். பாதிப் பேரோடு அப்பாவும் அம்மாவும் தண்ணீர்ப் புட்டியோடு நின்றார்கள். முதல் நாள் ஓட்டச் சோதனையில் நம் பையன் தேறினான். இரண்டாம் நாள் சிறு சிறு ஆட்டங்கள். சாயந்திரம் பட்டியல் ஒட்டினார்கள். அவன் பேர் இல்லை.

திரும்பும் வழியில் செனாய் வரைக்கும் பையன் வாய் திறக்கவில்லை. அழுகிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு கேட்டான். "தாத்தா, அங்க நிறையப் பேரு எடக்காலாலயும் அடிக்கிறாங்க. அது எப்படிப் பழகுறது?"

வீட்டில் அதை அப்படியே சொன்னேன். மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் நான் போனபோது, லயத்துக்குப் பின்னால் இரண்டு கம்பு நட்டிருந்தது. வேலை முடித்து வந்து, சட்டையில் செம்பனை முள் குத்திய கிழிசலோடு, அவர் பந்தை உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். பையன் இடக்காலால் மட்டும் அடித்துக்கொண்டிருந்தான். பத்தில் ஏழு பந்து சாக்கடையில் போய் விழுந்தது. பந்து சோறு போடுமா என்று அவர் பிறகு கேட்கவேயில்லை.

இப்போது பையன் படிவம் இரண்டு படிக்கிறான். மாவட்டப் பள்ளிக் குழுவில் மாற்று ஆட்டக்காரனாக இருக்கிறான். ஓர் ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் இறக்கினார்கள். குடும்பமே போய் நின்றோம். முதல் பந்தையே எதிரிக் காலில் கொடுத்துவிட்டான். எங்கள் பக்கத்திலேயே நின்ற ஒருவர், "இவனை எவன் எறக்கினான்?" என்று கத்தினார். பையனுக்குக் காதில் விழுந்தது. தோள் சுருங்கியதை நான் பார்த்தேன். அடுத்த ஐந்து நிமிடம் அவன் பந்தைக் கேட்கவே இல்லை. பிறகு பயிற்றுநர் ஓரத்திலிருந்து, "பரவாயில்ல, அடுத்த பந்து" என்று ஒரு சத்தம் கொடுத்தார். அவ்வளவுதான். இடக்காலால் ஒரு பந்தை நீளமாக அடித்தான். கோல் விழவில்லை. ஆனால் பந்து சாக்கடைக்கும் போகவில்லை.

அன்று முதல் பெரிய அரங்கிலும் என் காது வேறு மாதிரி கேட்கிறது. நாற்பதாயிரம் பேர் அமரும் சுல்தான் இப்ராஹிம் அரங்கில் ஓர் இளைஞன் முதன்முறை இறங்கிப் பந்தைத் தவறவிட்டால், அங்கே எழும் முணுமுணுப்பு சிறியதல்ல. மூத்தவர் தவறவிட்டால் "பாவம், களைப்பு" என்கிறோம். இளையவர் தவறவிட்டால் "லாயக்கில்லை" என்கிறோம். பிறகு நாமே கடையில் உட்கார்ந்து, "பையன்களுக்கு இடம் கொடுப்பதில்லை" என்று குறைப்படுகிறோம். ரசிகர் பொறுமை காட்டினால்தான் பயிற்றுநருக்கும் துணிச்சல் வரும்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். தெரியும்தான். ஆனால் முளையைப் பார்க்க யாராவது வயலுக்குப் போக வேண்டும். முன்பு அந்த வேலையைத் தோட்டமே செய்தது. இன்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆகவே தோட்டத்திலும் தாமானிலும் இருக்கும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பையன் பந்து ஆடுகிறான் என்றால், தேர்வு நாள் எப்போது என்று பள்ளி ஆசிரியரிடம் வருடத் தொடக்கத்திலேயே கேட்டு வையுங்கள். பிறப்புப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் ஒழுங்காக எடுத்து வையுங்கள். கால் நன்றாயிருந்தும் காகிதம் இல்லாமல் நிற்கும் பிள்ளைகள் நம்மில் உண்டு. படிப்பை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓட விடாதீர்கள். பந்துக்காகப் படிப்பில் நின்ற பிள்ளைகளும் உண்டு. அந்த ஒரு நாள் சம்பளம் போவது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கார் இருந்தால், அடுத்த வீட்டுப் பையனையும் ஏற்றிப் போகச் சொல்லுங்கள்.

கடை மேசையில் கிண்ணங்களை எண்ணும் நண்பர்களுக்கும் ஒரு சொல். இந்தப் பருவத்தில் ஒரே ஒரு நாள், பள்ளிப் பையன்கள் ஆடும் திடலுக்கும் போய் ஓரத்தில் நில்லுங்கள். பையன் பந்தைத் தவறவிட்டால், "பரவாயில்லை தம்பி, அடுத்த பந்து" என்று சொல்லுங்கள். அவனுக்குக் காதில் விழும்.