மார்கழிக் காலையில் எழாத கணினி

"என்ன கோளாறுன்னு சொல்ல வேணாம்ண்ணே. எப்ப ஆன் ஆவுது, எப்ப ஆவல, அத மட்டும் சொல்லுங்க."

எக்ஸ்எல் வண்டியில் கால் வைக்கும் இடத்தில் சாக்கு விரித்து ஏற்றிவந்த சிபியு இன்னும் கீழே இறங்கவில்லை. அதற்குள் கடைக்காரர் கேட்டுவிட்டார். கொண்டுவந்தவர் வில்லியனூரில் டிடிபி கடை வைத்திருப்பவர். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "காலைல பட்டன அமுக்குனா ஃபேன் சுத்துது தம்பி, டிஸ்பிளே வரல. ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போட்டா அஞ்சாறு தடவைக்கு அப்பறம் வந்துடுது. வந்துட்டா சாயங்காலம் வரைக்கும் தொந்தரவு இல்ல. ஐப்பசில ரெண்டு தடவ போட்டா போதும். இந்த மார்கழில பத்து தடவ ஆவுது. போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்கன்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க."

கடைக்காரர் தன் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கினியாம்மா?" பாகூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வரும் இளம்பெண் அவர். டிப்ளமா முடித்தவர். தலையசைத்துவிட்டு ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். கோளாறில் பாதி அந்தப் பேச்சிலேயே இருந்தது என்பது எனக்கு மதியத்துக்கு மேல்தான் விளங்கியது.

புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கத்திலிருந்து விழுப்புரம் சாலையில் வந்தால், ரெட்டியார்பாளையத்துக்கு அடுத்தது மூலக்குளம். அப்புறம் அரும்பார்த்தபுரம், வில்லியனூர். மூலக்குளத்தில் பிரதான சாலையை விட்டுப் பிரியும் ஒரு தெருவில் இருக்கிறது இந்தக் கடை. இன்று அதன் வாடகையைக் கட்டுவது சிசிடிவி கேமரா மாட்டும் வேலையும் பிரிண்டருக்கு மை நிரப்புவதும்தான். ஆனாலும் சுற்றுவட்டாரத்து நெல் வியாபாரி, மருந்துக் கடைக்காரர், டியூஷன் நடத்துபவர் என்று பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் குறையவில்லை. கடல் தொலைவில் இல்லை. உப்புக் காற்று ரேம் தகட்டின் பொன்னிறப் பற்களில் கருமை ஏற்றிவிடும். அதைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்துச் செருகினாலே பாதிக் கணினிகள் பிழைத்துக்கொள்கின்றன.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த வாரம் முழுக்கச் சேறு படிந்த சிபியுக்கள் வந்தனவாம். "கரண்ட்ல போடாம அப்படியே எடுத்துட்டு வந்தவங்களுது பொழச்சிது" என்றார் கடைக்காரர். வந்ததும் முதல் வேலையாகப் போர்டில் உள்ள காசு வடிவப் பேட்டரியைக் கழற்றிவிடுவார்களாம். பிளக்கைப் பிடுங்கினாலும் அந்த 3 வோல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஈரத்தில் அது செம்புத் தடங்களை அரித்துவிடும். அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நாள்கணக்கில் காயவைப்பது. மின்சாதனத்தைத் தண்ணீரில் கழுவுவார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

வில்லியனூர்க்காரருக்குப் புதிய கணினி வாங்க வசதி இல்லாமல் இல்லை. இந்தப் பெட்டியில்தான் அவருடைய தமிழ் இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், ஒரு பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள். அந்த மென்பொருளுக்கு ஒரு வன்பூட்டு உண்டு. பழைய பிரிண்டர் செருகும் பாரலல் போர்ட்டில் அதைச் செருகினால்தான் எழுத்து வரும். இன்றைய கணினிகளில் அந்தப் போர்ட்டே இல்லை. யூனிகோடு பரவும்வரை தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குறியீடு. 1999இல் தமிழக அரசு தாம், தாப் என்று இரண்டைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. அச்சுக்கூடங்களோ தம் போக்கிலேயே இருந்தன. இவருடைய கோப்புகளை வேறு கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கிலக் குறிகள் சிதறிக் கிடக்கும். திருக்காமீசுவரர் கோயில் தேர் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று ஓர் ஊரின் பதினைந்தாண்டு நல்லது கெட்டதெல்லாம் அந்தப் பெட்டிக்குள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. இவர் இந்தக் கணினியை இன்டர்நெட்டில் இணைப்பதே இல்லை.

பக்கமூடியைக் கழற்றி வாசலில் வைத்துப் ப்ளோயரால் ஊதினார்கள். அந்தப் பெண் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டார். காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும். தூசியோடு காய்ந்த பல்லி முட்டை ஓடு ஒன்றும் பறந்தது.

முதலில் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்தால் போர்டு இல்லாமலே அது ஓடும். சும்மா ஓடவிட்டு அளந்தால் பொய் சொல்லும் என்று ஒரு பழைய ஹார்ட் டிஸ்கை அதற்குச் சுமையாக மாட்டினார் கடைக்காரர். மஞ்சளில் 12.08, சிவப்பில் 5.03. நூற்றுக்கு ஐந்து கூடலாம், குறையலாம். இது சரியாகவே இருக்கிறது. ஆனாலும் அவர் நம்பவில்லை. கடையில் ஓடிக்கொண்டிருந்த கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி இதில் மாட்டினார். அதே கதைதான். அதன் பிறகே அந்தச் சந்தேகத்தை விட்டார்.

அடுத்து எல்லாவற்றையும் கழற்றினார்கள். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், கார்டுகள், கடைசியாக ரேமும். போர்டும் பிராசஸரும் மட்டும் மிச்சம். ரேம் இல்லாமல் ஆன் செய்தால் நல்ல போர்டு பீப் ஒலியால் முறையிடும். இது வாயே திறக்கவில்லை. பிராசஸர் இன்னும் கண் விழிக்கவே இல்லை என்று அர்த்தம்.

அப்போது அவர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தது தலைமுடி உலர்த்தும் டிரையர். பிராசஸரைச் சுற்றி ஒரு நிமிடம் வெந்நீர் ஒத்தடம் போல வெப்பக் காற்றைக் காட்டிவிட்டு ஆன் செய்தார். நீளமாக ஒரு பீப். வில்லியனூர்க்காரர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"கெபாசிட்டர்ண்ணே" என்றார் கடைக்காரர்.

பிராசஸருக்கு வேண்டியது ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே. 12 வோல்ட்டை அந்த அளவுக்கு இறக்கும்போது எழும் அலையை அடக்குவது பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்ன உருளைகள். உள்ளே ஒரு திரவம். அது வற்ற வற்ற உருளையின் உள்தடை ஏறும், குளிரில் இன்னும் ஏறும், சூடேறினால் குறையும். மார்கழிக் காலையில் பத்து தடவை என்றது இதைத்தான். ஒவ்வொரு முறை பட்டனை அமுக்கும்போதும் வில்லியனூர்க்காரர் தம்மை அறியாமலே அவற்றைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

இந்த உருளைகளுக்கு ஓர் ஆயுள் கணக்கும் உண்டு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று தயாரிப்பாளர் வாக்குக் கொடுத்தால், வெப்பம் பத்து டிகிரி குறையும்போதெல்லாம் ஆயுள் இரட்டிக்கும். 65 டிகிரியில் 32,000 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி, வருடத்துக்கு முந்நூறு நாள் என்றால் பதின்மூன்று வருடத்துக்குச் சற்றுக் கூடுதல். இந்தக் கணினிக்கு வயது பதினைந்து. கெட்டுப்போனது என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உழைத்துத் தீர்ந்த பாகம் அது. 2000க்குப் பிறகான சில ஆண்டுகளில் வந்த போர்டுகளின் கதை வேறு. திரவத்தின் கலவையே தவறாகிப்போய், உலகமெங்கும் லட்சக்கணக்கான உருளைகள் இரண்டொரு வருடத்தில் வெடித்தன. அந்தக் காலத்துப் போர்டுகள் சில இவர் அலமாரியில் இன்னும் இருக்கின்றன, தலையில் பழுப்புக் கறையோடு.

எனக்கு எந்த உருளையும் கெட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பெண் ஹீட்சிங்கைக் கழற்றிவிட்டு, ஒரு ஸ்டீல் ஸ்கேலை உருளைகளின் தலைமேல் படுக்கவைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்கேல் ஆடியது. இரண்டு உருளைகளின் தலை இம்மி அளவு உப்பியிருந்தது. "உப்புனது ரெண்டு. ஆனா அஞ்சையும் மாத்தணும் சார். கூடப் பொறந்ததுங்க, ஒரே சூட்ல வேல பாத்ததுங்க" என்றார்.

கழற்றுவதுதான் நேரம் பிடித்தது. ஒரு கால் போர்டின் உள்ளடுக்குச் செம்புத் தகட்டோடு சேர்ந்திருப்பதால், அயர்ன் கொடுக்கும் சூட்டையெல்லாம் அது விழுங்கிவிடும். புது ஈயம் கொஞ்சம் வைத்து, பழையதோடு கலக்கவிட்டு, இடம் வலமாக அசைத்து அசைத்து எடுத்தார் கடைக்காரர். அவசரப்பட்டால் துளையின் உள்பூச்சு கையோடு வந்துவிடும், போர்டு முடிந்தது. அடைத்த துளையை எவர்சில்வர் ஊசியால் திறந்தார். புதியவை சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கிவந்த ஜப்பான் மால். பட்டை போட்ட பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் வெடிக்கும். ஃப்ளக்ஸ் புகையை ஜன்னலோரச் சின்ன ஃபேன் வெளியே தள்ளியது. போதாதுதான். பல வருடம் அந்தப் புகையிலேயே இருந்தவருக்கு இப்போது லென்ஸ் இல்லாமல் ஈய முனை தெரிவதில்லை.

பிராசஸர் மேல் மிளகளவு பேஸ்ட் வைத்து மூடி, பட்டனை அமுக்கினார்கள். உடனே டிஸ்பிளே. தேதி மட்டும் 2009 ஜனவரி 1 என்று காட்டியது; பேட்டரியையும் மாற்றினார்கள். வன்பூட்டைச் செருகி ஒரு கோப்பைத் திறந்தார் வில்லியனூர்க்காரர். பொங்கல் விளையாட்டு விழா நோட்டீஸ், எழுத்து ஒன்றும் சிதறாமல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கூலி 450 ரூபாய் கேட்டார்கள். அவர் முணுமுணுக்காமல் கொடுத்தார். எல்லோரும் அப்படி இல்லையாம். "அஞ்சு கெபாசிட்டர் அம்பது ரூபா, இதுக்கா இவ்ளோ?" என்பதுதான் வழக்கமான பேச்சு. போர்டையே மாற்றியிருந்தால் ஆயிரக்கணக்கில் கொடுத்திருப்பார்கள். பொருளுக்குக் கொடுக்கக் கை நீள்கிறது. கோளாறைத் தேடிக் கண்டுபிடித்த நான்கு மணி நேரத்துக்கு நீள்வதில்லை. வைத்தியருக்கு நாம் கொடுப்பது மாத்திரையின் விலையை மட்டுமா? இந்தத் தேடலுக்கென்று தனியாக ஒரு கூலியை எல்லாக் கடைகளும் எழுதி மாட்ட வேண்டும் என்பது என் எண்ணம். இல்லாவிட்டால் இந்தப் பெண்ணும் கேமரா மாட்டும் வேலைக்கு ஏணி தூக்கப் போய்விடுவார்.

வண்டி கிளம்பியதும் அவர் நோட்டைத் திறந்தார். இருநூறு பக்க நோட்டு, பாதி நிறைந்திருந்தது. என்ன தொந்தரவு, எதைச் சந்தேகப்பட்டோம், எது கிடைத்தது என்று மூன்று பத்தி. எல்லாம் தமிழில். கடைக்காரர் கையெழுத்து போகப் போகக் குறைந்து இவர் கையெழுத்து கூடிக்கொண்டே வந்திருந்தது.

"ஃபேன் சுத்துது, டிஸ்பிளே இல்ல, பீப் இல்ல" என்று எழுதிவிட்டு நிறுத்தினார்.

"எப்ப?" என்றார் கடைக்காரர், நிமிராமலே.

"காலைல. குளிர்ல" என்று சொல்லிக்கொண்டே அதையும் சேர்த்தார்.